பங்காளி வீட்டுக் கோப்பு: சிவகாசி அச்சகங்களில் யூனிக்ஸ் குலப் பூசல் குறித்து ஓர் ஆய்வு

தீப்பெட்டி லேபிளில் தொடங்கி, பட்டாசுப் பெட்டிக்கு வளர்ந்து, ஊர் ஊராய்ச் சுவரில் தொங்கும் காலண்டராய்ப் பரவிய சிவகாசி அச்சுத் தொழிலை அறிஞர்கள் பல கோணங்களில் ஆராய்ந்துவிட்டனர். "ஃபைல் தெரியுது அண்ணாச்சி, சேவ் ஆக மாட்டேங்குது" என்ற வாக்கியத்துக்கு மட்டும் உரையெழுத ஆளில்லை. ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியான மறுநாளே ஒலிக்கத் தொடங்கி, மார்கழி வரை ஓயாத வாக்கியம் இது. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வு வசதிக்காக ஓர் ஆஃப்செட் அச்சகத்தைக் கற்பித்துக்கொள்வோம். டிசைனர் மேசையில் மேக். வேலைகளைச் சேர்த்து வைக்கும் சர்வரில் லினக்ஸ். போன வருட முருகனையும் முந்தின வருட லட்சுமியையும் காத்து நிற்கும் பழைய பெட்டியில் ஃப்ரீபிஎஸ்டி. மூன்றும் ஒரே வம்சமென்று பெயர். 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸே குலமுதல். ஃப்ரீபிஎஸ்டியும் மேக்கும் பெர்க்லி கிளை வழி வந்தவை. லினக்ஸ், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தனியாக எழுதியது. ரத்த உறவில்லை, முகச்சாயல்தான். ஆனாலும் குலதெய்வக் கோயிலில் முதல் மரியாதை கேட்க அது தயங்கியதே இல்லை.

இந்தப் பங்காளிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ள சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் வகுத்த ஏற்பாடு என்எஃப்எஸ். அதன் நடைமுறை எளிது: வாசலில் வருபவரிடம் பெயர் கேட்பதில்லை, எண் கேட்கும். சொன்ன எண்ணை அப்படியே நம்பும். மேக்கில் முதலில் உருவாகும் பயனருக்கு 501. இன்றைய லினக்ஸ்களில் பெரும்பாலும் 1000. ஃப்ரீபிஎஸ்டியில் 1001. ஒரே டிசைனர் மூன்று பெட்டியிலும் ஒரே பெயரில் இருந்தாலும் மூன்று வேறு ஆட்கள். மேக்கில் அவர் வரைந்த பிள்ளையார் சர்வரில் 501இன் சொத்து. லினக்ஸில் உட்கார்ந்திருக்கும் 1000 அதைப் பார்க்கலாம், கும்பிடலாம், திருத்த முடியாது. என்எஃப்எஸ் நான்காம் பதிப்பில் உரிமையாளர் பெயர், பெயராகவே பயணிக்கும் என்றார்கள். பயணிக்கத்தான் செய்கிறது. ஆனால் வழக்கமான அமைப்பில் அனுமதியைத் தீர்மானிப்பது பழைய எண்தான். இருமுனையிலும் டொமைன் பெயர் ஒத்துப்போகாவிட்டால் உரிமையாளர் 'நோபடி' ஆகிவிடுவார்.

நோபடியைப் பற்றித் தனி நூலே எழுதலாம். லினக்ஸில் அவர் எண் 65534. மேக்கில் மைனஸ் 2. யாருமில்லாதவருக்குக்கூட வீட்டுக்கு வீடு வேறு அடையாள அட்டை! தன் பெட்டியில் சர்வ வல்லமை படைத்த ரூட், பங்காளி வீட்டு வாசலை மிதித்ததும் இந்த நோபடியாகத்தான் உள்ளே விடப்படுகிறார். இதை ரூட் ஸ்குவாஷ் என்பர். முதலாளிகள் பலருக்கு இதைக் கேட்டதும் முகம் வாடும்.

யாரை உள்ளே விடுவது என்பதை எழுதி வைக்கும் கோப்பின் பெயர் எக்ஸ்போர்ட்ஸ். மூன்று வீட்டிலும் பெயர் ஒன்றே, இலக்கணம் வேறு. லினக்ஸில் விருந்தாளியின் முகவரிக்கும் அடைப்புக்குறிக்கும் இடையில் ஓர் இடைவெளி விழுந்தால், அந்த விருந்தாளிக்குப் படிக்க மட்டும் அனுமதி. தெருவில் போவோர் எல்லாருக்கும் எழுதவும் அனுமதி. இன்னொன்று: மேக் வழக்கமாக 1024க்கு மேற்பட்ட போர்ட்டிலிருந்து பேசும். லினக்ஸ் அதைச் சந்தேகித்துக் கதவடைக்கும். திறக்க வேண்டுமானால் சர்வரில் 'இன்செக்யூர்' என்று எழுத வேண்டும். திரும்பிய பக்கமெல்லாம் பாதுகாப்பு வாசகம் எழுதி வைத்திருக்கும் வெடிமருந்து ஊரில் இதை எழுதச் சொன்னால் யாருக்குத்தான் கை வரும்? மேக்கில் 'ரிசர்வ்போர்ட்' கொடுப்பது மாற்று வழி.

தீர்வுகளில் மூன்று மரபுகள் நிலவுகின்றன. ஆதி மரபினர் ஸ்விட்சை அணைத்துப் போடுவர். இடைக்கால மரபினர் 777வாதிகள்: எல்லாருக்கும் எல்லா உரிமையும் வழங்கிவிட்டு டீ குடிக்கப் போவர். மூன்றாவது, பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடராஜா சர்வீஸில் பிளேட் அறைக்குப் போகும் மரபு. இதில் அனுமதிச் சிக்கல் வந்ததாகச் சான்றில்லை.

இனி இவ்வாய்வின் முதன்மையான கண்டுபிடிப்பு. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்புமுறை, கோப்புப் பெயர்களிலுள்ள கூட்டுக் குறிகளைப் பிரித்தே எழுதி வைக்கும். 'பொ' என்பதில் லினக்ஸ் விசைப்பலகை தரும் ஒற்றை ஒகரக் குறி, அங்கே கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகும். பார்வைக்கு இரண்டும் 'பொங்கல்'தான். லினக்ஸோ எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைப் பார்க்கிறது. ஆகவே ஒரே ஃபோல்டரில் இரண்டு 'பொங்கல்' பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். தட்டச்சு செய்து தேடினால் ஒன்றுதான் வரும், பெரும்பாலும் வேண்டாதது. ஈய எழுத்துக் காலத்து அச்சுக்கோப்பாளரும் கொம்பையும் காலையும் தனித்தனியாகத்தான் எடுத்து அடுக்கினார்; அவர் அடுக்கிய பொங்கல் மட்டும் ஒரு நாளும் தொலைந்ததில்லை.

இதனால் வட்டாரத்தையே இரண்டாக வகுக்க முடிகிறது. சிவகாசி, சாத்தூர், விருதுநகர் ஆகியவை பத்திரமான ஊர்கள். கோவில்பட்டி ஆபத்தானது. முருகனும் மீனாட்சியும் எந்தப் பெட்டிக்கும் தடையின்றிப் போவார்கள். கோமதி அம்மன் மாட்டிக்கொள்வார். ஔவையாருக்கு முதலெழுத்திலேயே சோதனை. மேக்கில் மவுன்ட் செய்யும்போது 'என்எஃப்சி' என்ற விருப்பத்தைச் சேர்த்தால் பிரிந்தவர் கூடுவர். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அதுவும் உதவாது: 'ஸ்ரீ'யை யூனிகோடில் இரு வேறு மெய்களால் எழுதலாம், திரையில் வடிவம் ஒன்று, எந்த விருப்பமும் அவற்றைச் சேர்த்து வைக்காது. அவ்வூர்க் கோபுரத்தின் படத்துக்குக் கோப்புப் பெயராக வெறும் எண்ணைக் கொடுப்பதே உத்தமம்.

கடைசியாகக் காலம். சர்வர் கடிகாரமும் மேக் கடிகாரமும் பிசகினால், இப்போது திருத்திய கோப்பு பழையதாகவும் திருத்தாதது புதியதாகவும் தோன்றும். தேதி பார்த்துப் பிரதியெடுக்கும் நிரல் திருத்தியதை விட்டுவிடும். யூனிக்ஸ் குலம் 1970 ஜனவரி 1 கிரீன்விச் நள்ளிரவிலிருந்து நொடிகளை எண்ணுகிறது. நம் கணக்கில் அது வியாழக்கிழமை காலை 5.30. வியாழன் எமகண்டம் 6 மணிக்கு. அரை மணி முன்னதாகவே ஜனனம். 32 பிட் கடிகாரங்களில் இந்த எண்ணிக்கை நிரம்புவது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு. செவ்வாய் எமகண்டம் 9 மணிக்கு. அதற்கும் முன்னதாகவே மரணம். இது தற்செயலா, யாரேனும் நாள் பார்த்துக் கொடுத்தார்களா என்பது தனி ஆய்வுக்குரியது. அவ்வருடக் காலண்டர் ஆல்பம் 2037 ஆடிப்பெருக்குக்கு வந்துவிடும். ஜனவரி 19ஆம் தேதித் தாளில் வழக்கம்போல் சூலம் வடக்கு, பரிகாரம் பால் என்றிருக்கும். பால் டம்ளரைச் சர்வர் மேல் மட்டும் வைத்துவிட வேண்டாம்.