73 நிமிடப் பாக்கி: போர்டிக்சன் தாமதம் குறித்து ஓர் ஆய்வு

போர்டிக்சன் வட்டாரத்தில் தமிழர் நிகழ்ச்சி எதுவும் சொன்ன நேரத்துக்குத் தொடங்குவதில்லை என்பது நெடுநாள் குற்றச்சாட்டு. அழைப்பிதழில் மாலை 7 மணி என்று இருக்கும். 7 மணிக்கு மண்டபத்தில் ஒலிபெருக்கிக்காரர் மட்டும் “ஹலோ, செக், செக்” என்று காலி நாற்காலிகளிடம் பேசிக்கொண்டிருப்பார். எட்டேகால் வாக்கில்தான் குத்துவிளக்கு எரியும். இதைச் சோம்பல் என்பார் ஒரு சாரார். இனத்தின் தலையெழுத்து என்பார் இன்னொரு சாரார். இரு சாராரும் தீர்க்கரேகையைக் கணக்கில் எடுத்ததில்லை. இவ்வூர் கிழக்கே 101.8 பாகையில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்ற பள்ளிக்கூடக் கணக்குப்படி, இங்கே சூரியன் கிரீன்விச்சுக்கு 6 மணி 47 நிமிடம் முந்தியது. சுவர்க் கடிகாரமோ 8 மணி முந்தி ஓடுகிறது. கழித்தால் நிற்பது 73 நிமிடம். அதாவது 7 மணி நிகழ்ச்சிக்குச் சூரியனின் 7 மணி, கடிகாரத்தில் 8.13க்குத்தான் வருகிறது. குத்துவிளக்கு எரிந்த நேரத்தை மேலே மறுபடி பார்க்கவும். மக்கள் தாமதமாக வரவில்லை, கடிகாரம்தான் அவசரப்பட்டுவிட்டது என்பதே இவ்வாய்வின் துணிபு.

இந்த அவசரம் ஒரே நாளில் வந்ததல்ல. 1901இல் மலாயா சிங்கப்பூரின் சராசரி நேரத்தை ஏற்றது. 1905இல் கணக்கை நேராக்கி கிரீன்விச்சுக்கு 7 மணி முந்தி என்று வைத்தார்கள். அப்போது போர்டிக்சனின் பாக்கி வெறும் 13 நிமிடம். ஒரு தேநீர் குடிப்பதற்குள் தீர்ந்துவிடும். 1933இல் பகல் வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று 20 நிமிடம் கூட்டினார்கள். 1941இல் இன்னொரு 10. அடுத்த ஆண்டே ஜப்பானியர் வந்து தோக்கியோ நேரத்தை மாட்டிவிட, பாக்கி 2 மணி 13 நிமிடமாக வீங்கியது. 1945இல் பழைய ஏழரைக்கே திரும்பினோம். 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணி, மகாதீர் அரசின் முடிவுப்படி, ஒரே தாவலில் நள்ளிரவு ஆனது. சபா, சரவாக்கோடு தீபகற்பமும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்பது காரணம். அந்த அரை மணியை இன்றுவரை யாரும் திருப்பித் தரவில்லை. லின்சம் பக்கமோ சிலியாவ் பக்கமோ 1930இல் நட்ட ஒரு கித்தா மரத்தை நினைத்துப் பாருங்கள். தனக்குப் பதினைந்து வயது ஆவதற்குள் அது நான்கு விதமான நேர ஏற்பாட்டின் கீழ் நின்றிருக்கும். பால் கொடுத்தது மட்டும் எப்போதும் ஒரே நேரத்தில்தான்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். தோட்டத்துச் சனம் தாமதமாக வரும் சனமா? இருட்டோடு எழுந்து, பெரட்டுக்கு நின்று, கிராணி பெயர் கூப்பிடும்போது குரல் கொடுத்து, நெற்றி விளக்கோடு நிரைக்குள் நுழைந்தவர்கள் அல்லவா அவர்கள்? உண்மை. ஆனால் அவர்களை எழுப்பியது கடிகாரமன்று, மரம். விடியுமுன் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். அப்போது உளி பட்டால் மங்கு நிறையும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கினால் அழுத்தம் இறங்கும், ஒழுக்கு மெலியும், சீக்கிரமே உறைந்தும் போகும். ஆகவே மரம் சீவுகிறவருக்கு நேரம் என்றால் சூரியனிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுவது. தலைமுறை தலைமுறையாகச் சூரியனுக்குத் துல்லியமாக வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள், சூரியனோடு சம்பந்தமில்லாத ஒரு முள்ளுக்குக் கீழ்ப்படியவில்லை என்றால் அதைப் பரம்பரைக் கட்டுப்பாடு என்றே சொல்ல வேண்டும். கித்தா போய்ச் செம்பனை வந்த பிறகு விடியலுக்கு முந்திய அந்த நெருக்கடி குறைந்துவிட்டது. பாக்கி மட்டும் குறையவில்லை.

பறவைகளும் நம் பக்கமே. போர்டிக்சனுக்குத் தெற்கே கடலுக்குள் நீளும் தஞ்சோங் துவானில் (நிலம் சட்டப்படி மலாக்காவுடையது, அது வேறு வழக்கு) மார்ச் மாதம் சுமத்ரா பக்கத்திலிருந்து தேன்பருந்துகள் கூட்டமாகக் கரையேறும். மலேசிய இயற்கைக் கழகம் 2000 முதல் அங்கே அவற்றை எண்ணி வருகிறது. எதிரே இருக்கும் ரூப்பாட் தீவு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். சூரியக் கணக்கில் வித்தியாசம் ஒன்றரை நிமிடம்கூட இல்லை. அரசாங்கக் கணக்கில் முழுதாக ஒரு மணி நேரம்! அங்கே 11 மணிக்குக் கிளம்பும் பருந்துக்கு இங்கே ஏற்கெனவே 12 மணி. ஆனாலும் நிலம் சூடேறி வெப்பக்காற்று மேலெழும் பொழுதைப் பார்த்துத்தான் அது வருகிறது. இறங்கியதும் கடிகாரத்தைத் திருத்தி வைத்ததாகத் தகவல் இல்லை. பள்ளிவாசலும் அப்படியே. நண்பகல் தொழுகை சூரியன் உச்சி தாண்டியதும் தொடங்குவது. இவ்வூரில் உச்சி நவம்பரில் 1 மணிக்குச் சற்று முன்பும் பிப்ரவரியில் ஒன்றரையை ஒட்டியும் வரும். நேரம் நாளுக்கு நாள் நகர்வதால் தொழுகை தாமதம் என்று யாரும் சொன்னதில்லை. கல்யாண வரவேற்புக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை இல்லை?

வாணிபத்துக்கு வருவோம். சென்னையில் அச்சான தினசரி காலண்டர் அந்த ஊர்ச் சூரியனிலிருந்து அதிகம் விலகாதது. அங்கே பாக்கி 9 நிமிடம்தான். அதே தாள் போர்டிக்சன் மளிகைக்கடைச் சுவருக்கு வரும்போது சிக்கல் தொடங்குகிறது. வெள்ளிக்கிழமை ராகு காலம் தாளின்படி 10.30 முதல் 12 வரை. உள்ளூர் உதயத்திலிருந்து எண்ணினால் அது சராசரியாக 70 நிமிடம் தள்ளி, 11.40 முதல் 1.10 வரை. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் ஒதுக்கும் ஒருவர் அரசாங்க முகப்பில் சம்மன் கட்டப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் குளிகை: தாளில் 7.30 முதல் 9, உள்ளூரில் 8.40 முதல் 10.10. குளிகையில் கட்டிய அபராதம் திரும்பத் திரும்ப வரும் என்பது நம்பிக்கை, ஆகவே ஆகாது. 10.30க்கு ராகு பிடித்துக்கொண்டால் 1.10 வரை விடாது, நடுவே 12.15க்கே தொழுகைக்காக முகப்பை மூடி 2.45க்குத்தான் திறப்பார்கள். 3 மணிக்கு எமகண்டம் தொடங்கி இரண்டு கணக்கிலும் சேர்த்து 5.40 வரை ஓடும். ஆக வெள்ளிக்கிழமையில் அவருக்கு வாய்ப்பது காலையில் 20 நிமிடம், பிற்பகலில் 15 நிமிடம். அதுவும் தடையில்லாமல் வரிசை நகர்ந்தால்! நேர மண்டலம் வியாபாரத்தைப் பாதிக்கிறதா என்று கேட்பவர்கள் இந்த 35 நிமிடத்தைப் பார்த்துக்கொள்ளலாம். லாபமும் இல்லாமலில்லை. சூரியன் மறையப் பெரும்பாலும் 7 மணிக்கு மேலாவதால், அலுவலகம் விட்ட பிறகும் கடற்கரைச் சாலை ஒட்டுக்கடைகளில் கோரெங் பீசாங் வெளிச்சத்திலேயே விற்றுத் தீர்கிறது. தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு 6 மணிக்கு எழுந்தாலும் விடியாத வேளைதான். தமிழகத்தில் அந்தப் புண்ணியத்துக்கு இன்னும் முன்னதாகவே எழ வேண்டும்.

சிங்கப்பூரும் இதே நேரத்தில்தானே இருக்கிறது, அங்கே எல்லாம் நேரத்துக்கு நடக்கவில்லையா என்பது அடுத்த மறுப்பு. சிங்கப்பூரின் பாக்கி 65 நிமிடம், நம்முடையது 73. அந்த 8 நிமிடத்தைச் சாதாரணமாக எண்ணுபவர்கள் பேருந்து தவறவிடாதவர்களாக இருக்க வேண்டும். ஸ்பெயின் 1940இல் பிராங்கோ காலத்தில் ஜெர்மனியின் நேரத்துக்கு மாறியது. இன்றும் அங்கே மதியச் சாப்பாடு 2 மணிக்கு. சீனாவின் மேற்குக் கோடியில் காஷ்கர், பெய்ஜிங் நேரத்தை ஏற்று ஏறத்தாழ 3 மணி நேரப் பாக்கியில் தவிக்க, மக்கள் தங்களுக்கென்று தனி நேரம் ஒன்றை வைத்துக்கொண்டார்கள். நம்மவர்கள் தனி நேரம் கேட்டு மனுக்கூட எழுதவில்லை. பேசாமல் எட்டேகாலுக்கு வருகிறார்கள். பாக்கி 9 நிமிடமே உள்ள சென்னையிலும் தாமதம் உண்டே என்று விடாமல் கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: அது வேறு நோய்.

இனி, வருவோரை வகைப்படுத்துவதே ஆய்வில் எஞ்சிய பணி. அரை மணி தாமதமாக வருபவர் 1981ஐ விட்டு வெளியே வராதவர். 40 நிமிடம் என்றால் 1933இன் 7.20 அவருடையது. சரியாக ஒரு மணி நேரம் என்றால் 1905ஆம் ஆண்டுக்காரர். அல்லது ரூப்பாட்டிலிருந்து வந்தவராகவும் இருக்கலாம். 73 நிமிடம் தாமதித்தவர் சூரியனுக்கு மட்டும் கட்டுப்பட்டவர். மேடையில் மாலை அவருக்கே உரியது. ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து முதல் வரிசையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும் பாட்டி மட்டும் இன்னும் தோக்கியோ நேரத்தில் இருக்கிறார். அவரைக் காக்க வைக்காமல் ஒரு மைலோவாவது கொடுப்பது ஏற்பாட்டாளர் கடமை. இரண்டரை மணி நேரம் கழித்து வருகிறவர்களை இவ்வட்டாரத்தின் கணக்கில் சேர்க்க இயலாது. அவர்கள் இந்திய நேரத்தில் இருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தாத்தாவின் கடிகாரத்தை இன்னும் திருத்தவில்லை. அவர்கள் வந்து சேரும்போது சமையல்காரர் அண்டா கழுவிக்கொண்டிருப்பார், ரசம் மட்டும் இருக்கும்.