யானைக்கைக்குச் சான்றிதழ் இல்லை

2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு ஒரு சான்றிதழ் தந்தது. யானைக்கால் இனி இங்கே பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லையாம். 1947இல் தொடங்கிய இயக்கத்தின் வெற்றி. முத்துராஜவெல சதுப்புக்கும் ஹமில்டன் கால்வாய்க்கும் நடுவே நுளம்பு அடித்தே வளர்ந்த வத்தளைக்காரருக்கு இது சின்ன விஷயமில்லை. கைதட்டுவோம்.

கைதட்ட முடியாதவர்களும் இருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்குக் கத்தி வைத்தபோது, அக்குளிலிருந்த நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து வழித்துவிட்டார்கள். நிணநீர் வடிய வழியில்லை. கை வீங்குகிறது. முழுதாக வழித்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்தக் கதி. நுளம்பு வீங்கவைத்தால் தேசிய இயக்கம். கத்தி வீங்கவைத்தால், "அது அப்படித்தான் அம்மா."

அப்படித்தானா? கட்டியிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் கணுவை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். அதில் புற்று இல்லையென்றால் மிச்சத்தைத் தொட வேண்டியதில்லை. ஒன்றிரண்டில் இருந்தால்? 891 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2011இல் வெளியானது. மார்பகத்தை அகற்றாமல் கட்டியை மட்டும் எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்தவர்கள். மிச்சக் கணுக்களை எடுத்தவர்களைவிட எடுக்காதவர்கள் ஒன்றும் குறைவாக வாழவில்லை. பத்தாண்டு கழித்துப் பார்த்தாலும் அதே கணக்கு. கணுக்கள் பெருத்துத் திரண்டு வந்தவருக்கு முழுதாக எடுக்கட்டும், அதில் சண்டையில்லை. வீணாக வழிக்கப்பட்ட அக்குளுக்காகத்தான் சண்டை.

அந்த முதல் கணுவைத் தேடக் கதிரியக்கக் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மெத்திலீன் நீலம். மீன்தொட்டியில் விடுகிறோமே, அதன் சுத்தமான மருத்துவ வகை. பழகிய கையும் வேண்டும். காசில்லை என்பார்கள். 13 கோடி ரூபாய்க்கு 22,500 குப்பி இம்யூனோகுளோபுலின் மருந்து வாங்கக் காசு இருந்தது. 2023இல் அதன் தரம் சந்தி சிரித்தது. அந்த விவகாரத்தில், சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரி 2ஆம் திகதி கைதானார். அதுவரை சும்மா விட்டார்களா? சுகாதாரத்தைப் பறித்துச் சுற்றாடல் அமைச்சைக் கொடுத்துத் தண்டித்தார்களே!

வத்தளைப் பெண் 240 பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து 138இல் மகரகமைப் புற்றுநோய் மருத்துவமனைக்குத் தொங்க வேண்டும். எந்தக் கையால் கம்பியைப் பிடிப்பது? "எத்தனை கணு எடுத்தீங்க டொக்டர், ஏன்?" என்று கேட்டால் கிளினிக்கில் நேரமில்லை. ஒக்டோபரில் மட்டும் எல்லாருக்கும் நேரமிருக்கும். இளஞ்சிவப்பு ரிப்பன், நடைபவனி, முன்வரிசையில் பிரமுகர், பக்கத்தில் கமரா. மணிக்கட்டுக்கு ரப்பர் பட்டியும் தருவார்கள். ஒரே அளவு. வீங்கிய கையில் ஏறாது.