மீள்தொடக்கச் சுவைஞர் வகைப்பாட்டியல்

மாணாக்க, ஏட்டை விரி. மீள்தொடக்கம் என்பது, ஓய்ந்துபோன திரைத்தொடர் ஒன்றை அதே பெயரும் அதே மாந்தரும் கொண்டு, முகங்களை மட்டும் மாற்றி, முதலிலிருந்து தொடங்குதல். அதனைக் கண்டவழிச் சுவைஞனிடம் தோன்றும் மெய்ப்பாடுகளை வகுத்துரைப்பது இவ்வியல். எடுத்துக்காட்டுக்கு 'இசுடார் டிரெக்' ஒன்றே போதும். 1966 முதல் 1969 வரை 79 பகுதிகளாகத் தொலைக்காட்சியில் ஓடி, பின்னர்த் திரைக்கு ஏறி, 2002இல் பத்தாவது படத்தோடு படுத்துவிட்ட அத்தொடரை 2009இல் இயக்குநர் சே. சே. ஏப்ராம்சு எழுப்பினார்.

முதற்கண் விலக்கத் தக்கோரை விலக்குவோம். பழைய பகுதி ஒன்றையும் பாராமல் வந்து, படம் நன்று என்று கூறி, வீடு திரும்பி உறங்குவார் சிலர். இவர் சுவைஞர் அல்லர். படம் பார்க்க வந்தவர். இவரைப் பற்றி இந்நூல் பேசாது.

எஞ்சியோர் ஐவகையர்: ஒப்பர், கிளையர், இழவர், ஒளியெண்ணியர், வெகுளியர்.

1. ஒப்பர். புதியதன் ஒவ்வோர் உறுப்பையும் பழையதன் உறுப்போடு நிறுத்துப் பார்ப்பவர். இவர் மூவகைப்படுவர்.

(அ) முகவொப்பர்: கப்பல்தலைவன் கிர்க்காக வந்த கிறிசு பைனின் முகத்தில், முன்னர் அவ்வேடம் ஏற்ற வில்லியம் சாட்னரைத் தேடிக் களைத்து, காரல் அர்பனின் முகத்தில் மருத்துவர் மெக்காயைக் கண்டு தேறுவர். எளியர், விரைவில் ஆறுவர்.

(ஆ) ஆலையொப்பர்: எண்டர்பிரைசு விண்கப்பலின் பொறியறைக் காட்சிகள் கலிபோர்னியாவின் வான் நைசில் உள்ள பட்வைசர் வடிப்பாலையில் எடுக்கப்பட்டன என்பதை அறிந்தவர். அறிந்த நாள்தொட்டு, அக்குழாய்களில் ஓடுவது எரிபொருள் என்று இவர் நம்பார். வாற்கோதுமைக் கள் என்றே கொள்வர்.

(இ) கோளொப்பர்: ஒப்பருள் தலையாயோர் இவரே, ஆதலின் நின்று நோக்குக. 1966இல் ஒளிபரப்பான ஒரு பகுதியில் தெல்ட்டா வீகா என்னும் கோள் நம் விண்மீன்திரளின் விளிம்பருகே இருந்தது. 2009இல் அப்பெயர்க் கோள் பனி மூடிக் கிடக்கின்றது. அதன்மேல் நின்று அண்ணாந்து பார்க்கும் கிர்க்கின் தோழர், பின்வரும் காலத்திலிருந்து வந்த முதிய இசுபாக், தன் பிறப்புக்கோளாகிய வல்கன் அழிவதை வெறுங்கண்ணால் காண்கின்றார். விளிம்பிலிருந்த கோள் வல்கனின் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தது எங்ஙனம்? காலம் மாறின் ஆட்கள் மாறலாம், கோள் நகராது என்பது கோளொப்பர் நெறி. பெயர் ஒன்று, கோள் இரண்டு என்று அமைதி கூறுவாரும் உளர். அவ்வமைதியை நூல் ஏற்கும், கோளொப்பர் ஏலார்.

2. கிளையர். நீரோ என்பான் பின்வரும் காலத்திலிருந்து முன்வந்து, கிர்க் பிறந்த நாளன்றே அவன் தந்தையைக் கொன்றான். அன்று காலம் கிளைத்தது. பழைய நிகழ்ச்சிகள் பழைய கிளையில் பழுதின்றி உள்ளன. இதனைத் தாளில் கோடு கிழித்து விளக்குபவர் கிளையர். தாள் கிடையாவழிக் கை துடைக்கும் தாளும் ஆம். சுவைஞர் குறைகூற இடமே இல்லாதபடி புனைந்துள்ளனர் என்று கிளையர் மகிழ்வர். குறைகூற இடம் வையாமையே குறை என்பது ஒப்பர் மறுப்பு.

3. இழவர். வல்கனில் வாழ்ந்தோர் அறுநூறு கோடியர்; எஞ்சியோர் பதினாயிரவரைக் கடவார் என்று படமே கணக்குரைக்கின்றது. அக்கோளுக்கு அழுவோர் கோளிழவர். இசுபாக்கின் தாய் அமண்டாவுக்கு அழுவோர் தாயிழவர். ஈண்டு ஓர் ஐயம்: மற்றைக் கிளையில் கோளும் தாயும் நலமே இருக்க, அழுதல் முறையோ? ஒரு கண்ணால் அழுதல் அமையும்.

புறனடை: முதிய இசுபாக்காக வந்த இலியனார்டு நிமாய் 2015இல் மறைந்தார். 2016ஆம் ஆண்டுப் படத்தில் இளைய இசுபாக், முதியவர் விட்டுச்சென்ற பெட்டியைத் திறந்து பழைய குழுவினரின் ஒளிப்படத்தைக் காண்கின்றான். அங்கு ஐவகையரும் இழவரே. இருகண்ணும் ஆளலாம்.

4. ஒளியெண்ணியர். ஏப்ராம்சு கைவிளக்குகளை ஒளிப்படக் கருவியின் வில்லையை நோக்கிக் காட்டச் செய்து படமெடுத்தார். அவ்வொளிக்கீற்றுகளை எண்ணுபவர் இவர். எண்ணுங்கால் படத்தைப் பாரார்; ஆதலின் இவர்பால் வேறு மெய்ப்பாடு தோன்றாது.

5. வெகுளியர். 'ஏன் மாற்றினாய்' என்பது மாற்ற வெகுளி. 'ஏன் மாற்றவில்லை' என்பது மாறா வெகுளி. முன்னது 2009க்கு உரியது, பின்னது 2013க்கு.

2013ஆம் ஆண்டுப் படத்தில் பெனடிக்டு கம்பர்பேட்சு ஏற்ற மாந்தன் பழைய பகைவனாகிய கான் அல்லன் என்று படக்குழுவினர் கூறிவந்தனர்; திரையில் அவன் கானே ஆயினான். 1982ஆம் ஆண்டுப் படத்தில் கண்ணாடிக்கு அப்பால் இசுபாக் சாக, இப்பால் கிர்க் நின்றான். 2013இல் கிர்க் சாக, இசுபாக் நின்று 'கான்' என்று கூவினான். இக்கூவலைத் தனித்து ஆராய்க.

நெட்டெழுத்துக்கு அளபு இரண்டு, அளபெடுப்பின் மூன்று. அதனையும் கடந்து ஒலித்தல் இசையிலும் விளியிலும் பண்டமாற்றிலும் உண்டென்று நன்னூலார் இடம் தந்துள்ளார். 1982இல் கூவியவன் கிர்க்; பேசுகருவியின் மறுமுனையில் கான் கேட்டுக்கொண்டிருந்தான். ஆகவே அது விளி. அதற்கும் இசுபாக்கின் சாவுக்கும் தொடர்பில்லை. சாவு பின்னரே வந்தது. 2013இல் கூவலைச் சாவோடு ஒட்டிவிட்டனர். கேட்பதற்குக் கானும் அருகில் இல்லை. ஆதலின் விளி அன்று. பண் அமையாமையின் இசையும் அன்று. எஞ்சியது பண்டமாற்று: பழைய படத்தின் சரக்கைக் கொடுத்துப் புதிய படத்துக்குக் கைதட்டல் வாங்குதல். இதற்குக் 'கடன்கூவல்' என்று பெயரிட்டுக்கொள்க.

மாற்ற வெகுளியும் மாறா வெகுளியும் ஒருவனிடம் ஒரே மூச்சில் தோன்றுமோ எனின், தோன்றும். 'வல்கனை அழித்துக் கெடுத்தான், கானைக் கொணர்ந்து கெடுத்தான்' என்னுமிடத்து இரண்டும் வந்தன. அது முரண் அன்று, அடுக்கு.

ஈற்றில் ஒன்று. வெகுளி தானே தணிவதில்லை. அடுத்த படைப்பு வந்து தணிக்கும். 2009ஆம் ஆண்டுப் படத்தைப் பழித்தவன், 2013இல் அதனையே நன்றென்றான். அவ்விரண்டையும் பழித்தவன், 2017இல் 'டிசுகவரி' தொலைக்காட்சித் தொடர் தொடங்கிய பின்னர் இரண்டையும் நன்றென்றான். இதற்குப் பின்னருள் என்று பெயர். ஆகவே சுவைஞன் ஒருவனை வகைக்குள் அடக்கி எழுதுங்கால் ஆண்டையும் உடன் குறிக்க. ஆண்டு குறியாத ஏடு திருத்தப்படாது.