சத்தப் பெட்டி

1990க்குப் பிறகு, போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்துக்கு அரசாங்கம் வரவிடாத சாமான்களின் பட்டியலில் மண்ணெண்ணெய் இருந்தது, பற்றரி இருந்தது, சீமெந்து இருந்தது. விளையாட்டுச் சாமானைப் பற்றி யாரும் பேசவில்லை. மருந்துக்கு அலைகிற சனம் அதை எங்கே கேட்கும்? புத்தூரில் எங்கள் பாலர் பள்ளி ஓர் ஓலைக் கொட்டில். நாலு வயதுப் பிள்ளைகள் காலையிலேயே வந்து குந்திவிடுவார்கள். அவர்கள் கையில் எதையாவது கொடுக்க வேண்டும்.

வெறும் நெருப்புப்பெட்டிகளை வீடு வீடாகச் சொல்லிவைத்துச் சேர்த்தேன். இரண்டில் செம்மண், இரண்டில் அரிசி, இரண்டில் புளியங்கொட்டை. மேலே பழைய கடதாசி சுற்றிக் கஞ்சிப் பசையால் ஒட்டினால் சத்தப் பெட்டி தயார். பிள்ளை ஒன்றைக் காதோடு வைத்து ஆட்டும், பிறகு அதன் சோடியைத் தேடும். மரியா மொண்டிசோரி இதையே மர உருளைகளில் செய்துவைத்திருந்தார் என்று பிறகொரு பயிற்சி வகுப்பில்தான் அறிந்தேன். மண்ணா அரிசியா என்று மட்டுக்கட்டும்போது பிள்ளையின் வாய் திறந்திருக்கும், கண் எங்கேயோ நிற்கும். முழுப் பிள்ளையும் செவியாகிவிடும்.

புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைப் படிக்கட்டுச் சீமெந்தில் தேய்த்து வெள்ளையாக்குவோம். தேய்க்கத் தேய்க்கச் சுடும். அந்தச் சூட்டைப் பக்கத்துப் பிள்ளையின் கையில் வைத்துப் பார்ப்பது தனி விளையாட்டு. ஐந்து கொட்டையைச் சிரட்டையில் குலுக்கிப் போட்டால் எத்தனை வெள்ளை, எத்தனை மண்ணிறம்? இரண்டும் மூன்றும் ஐந்து என்று நான் சொல்லிக்கொடுத்ததே இல்லை. மூக்குக்குள் விடுகிற வயதுக்காரருக்குக் கொட்டை கிடையாது, ஊமல்தான்.

1995 ஐப்பசியில் ஊரோடு எழும்பித் தென்மராட்சிக்குப் போனோம். பெட்டிகள் கொட்டிலோடு போயின. கொடிகாமத்துத் தென்னங்காணிகளில் குரும்பட்டி கொட்டிக் கிடந்தது. ஈர்க்குக் குத்தித் தேர் கட்டி, மரத்தடியில் பிள்ளைகள் திருவிழா நடத்தினார்கள்.

2002இல் ஏ9 பாதை திறந்தது. பற்றரியும் வந்தது, பற்றரியில் பாடுகிற பொம்மையும் வந்தது. அதில் எனக்குக் கோபமில்லை. மருந்துக்கும் பால்மாவுக்கும் தட்டுப்பாடாய் இருந்த காலத்தை நல்ல காலம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் என் பேரன் நான் திரும்பவும் செய்த சத்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மம்மா, இதுக்கு எங்கை பற்றரி போடுறது?" என்று கேட்டபோது மனம் கனத்தது. அவனுடைய பொம்மைகளில் ஒன்றுகூட அவன் பார்த்திருக்கச் செய்ததல்ல. பெட்டியைத் திறந்து காட்டினேன். அரிசியைக் கொட்டிவிட்டு முற்றத்துக் குறுணிக்கல்லை நிரப்பினான். சோடி குலைந்தது. மற்றப் பெட்டியையும் அவனே இழுத்துத் திறந்தான்.

இந்தியாவில் அரவிந்த் குப்தா 1978இல் ஹோசங்காபாத் கிராமப் பள்ளிகளில் தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ரியூப்பையும் வைத்தே வடிவங்கள் செய்யக் காட்டியவர். பிள்ளை பொம்மையை உடைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

இப்போது முன்பள்ளிகளும் கழிவுப் பொருளில் கற்றல் உபகரணம் செய்து கொண்டுவரச் சொல்கின்றன. அருமையான யோசனை. ஆனால் செய்வது யார்? எங்கள் ஒழுங்கையில் ஒரு தாய் இரவிரவாக இருந்து சோடா மூடிகளை மட்டையில் ஒட்டுகிறார். பிள்ளை நித்திரை. விடிந்ததும், "தொடாதை, கழண்டுபோம்" என்று சொல்லித் தானே தூக்கிக்கொண்டு போகிறார். அது முன்பள்ளிச் சுவரில், பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் தொங்குகிறது.

ரீச்சர்மாரிடம் நான் கேட்பது இதுதான். அந்த மூடிகளை ஒட்டாமல் பையோடு அனுப்பச் சொல்லுங்கள். ஓரத்தைத் தட்டி மழுக்கிவிட்டால் கை வெட்டாது. பசையை அங்கேயே, பிள்ளைகளுக்கு நடுவில் வைத்துக் கரையுங்கள். உடுப்பிலும் ஒட்டும், தலைமயிரிலும் ஒட்டும். கஞ்சிப் பசைதானே, கழுவினால் போய்விடும்.