தகப்பனுக்கும் தேர்வா?

கேள்வி: ஆறு வயது மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனால், எங்களையும் நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்கிறார்களே, இது நியாயமா? (வாசகர், அருப்புக்கோட்டை)

பதில்: வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து இடக்காதைத் தொட்டுவிட்டால் வயது நிரூபணமாயிற்று என்று கொண்டு, கை எட்டாத பிள்ளையை ‘அடுத்த வருஷம் வா’ என்று பிரியமாய் அனுப்பிவிட்டு, எட்டிய பிள்ளைக்கு ஜூன் மாதத்தில் ஒரு பிறந்த நாளையும் வாத்தியாரே அனுக்கிரகித்த அந்தக் காலத்தில், தகப்பனாரின் காதை எவரும் பரிசோதித்ததில்லை. (நம் கரிசல் சீமையில் ஜூனில் பிறந்தோர் மிகுந்திருப்பதற்குக் கிரகங்கள் பொறுப்பல்ல.) 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டமோ, குழந்தையையோ பெற்றோரையோ பரீட்சித்து வடிகட்டுவதை 13-ஆம் பிரிவில் விலக்கி, முதல் மீறலுக்கு 25,000 ரூபாய் வரையிலும், பிந்திய ஒவ்வொன்றுக்கும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கிறது; வயதுச் சான்று இல்லையென்று திருப்பியனுப்பவும் 14-ஆம் பிரிவு இடந்தரவில்லை. ஆகவே தைரியமாகப் போங்கள்.

பக்கத்துத் திருச்சுழியில் 1879-இல் பிறந்து, அவ்வூரிலேயே ஆரம்பப் பாடம் படித்த வேங்கடராமன், பிற்காலத்தில் ரமண மகரிஷியாகி, ‘நான் யார்’ என்று விசாரிக்கும்படி உலகத்தாருக்கு உபதேசித்தார். ‘நீங்கள் யார்’ என்று பள்ளிக்கூடத்தார் உங்களிடம் விசாரிப்பது ஆத்ம ஞானத்துக்காக அன்று, சம்பளச் சீட்டுக்காக.