சுவருக்கு எந்தப் பக்கம் உயிர்த்தெழுவது?

கேள்வி கேட்காதே, விசுவசி. மறைக்கல்வி வகுப்பில் கை தூக்கும் பிள்ளைக்கு நம் ஆலயங்கள் வைத்திருக்கும் ஒரே பதில் இது. நோவாவின் பேழையில் கரையான் ஏறியதா, ஏறியிருந்தால் பேழை எப்படித் தப்பியது என்று கேட்டால் சிஸ்டர் முறைக்கிறார். ஞானஸ்நானம் பெறாமல் செத்த தாத்தா நரகத்திலா என்று கேட்டால் உபதேசியார் வீட்டுக்குச் சொல்லி அனுப்புகிறார். வாலிபர் கூட்டத்தில் கேட்டுவிட்டாலோ, பாஸ்டர் தலையில் கை வைத்துச் சந்தேகத்தின் ஆவியை விரட்ட ஆரம்பித்துவிடுகிறார். இத்தனையும் எந்த மண்ணில்? காயத்தில் விரல் விட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று அடம்பிடித்த தோமாவுக்குச் சாந்தோமில் பேராலயமும், பரங்கிமலை, சின்னமலை என்று இரண்டு குன்றுகளும் எழுதி வைத்திருக்கிற மண்ணில்!

அந்தத் தோமாவை யாரும் சபை நீக்கம் செய்யவில்லை. ஆண்டவர் காயத்தைக் காட்டினார், அவ்வளவுதான். நம் பங்கில் கேட்டிருந்தால் பங்குப் பேரவையைக் கூட்டி, இனி இவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டிருப்பார்கள்.

எனக்கும் சந்தேகம் உண்டு. கோயில் நடத்துகிற இந்தப் பெரிய மனிதர்களுக்குக் கடவுள் நம்பிக்கை இருக்கிறதா என்பதே அது.

திருச்சி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சுவர் உண்டு. தலித் கிறிஸ்தவர்களின் பிணம் ஒரு பக்கம், மற்றவர்களின் பிணம் மறுபக்கம். செத்தவர்கள் உடலோடு எழுவார்கள் என்று ஞாயிறுதோறும் எழுந்து நின்று அறிக்கையிடுகிற கூட்டத்தின் சுவர் அது. கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது எலும்புகள் சாதிச் சான்றிதழோடு வரிசையில் நிற்குமா? மோட்சத்துக்கு மேலண்டை வாசல் உங்களுக்கு, கீழண்டை வாசல் அவர்களுக்கா? எழுந்திருப்போம் என்று மனசார நம்புகிறவன் எவனாவது பிணத்துக்கு வேலி போடுவானா?

இது நேற்று முளைத்ததல்ல. மதுரையில் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி தொடங்கிய வழக்கத்துக்கு 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அனுமதி தந்தார்: பிராமணர் கிறிஸ்தவரான பின்னும் பூணூல், குடுமி, சந்தனம் வைத்துக்கொள்ளலாம். தாழ்த்தப்பட்டோரை இகழாதீர்கள் என்று அதே ஆணையில் ஒரு புத்திமதியும் இருந்தது. பூணூலை எடுத்துக்கொண்டார்கள். புத்திமதி வந்த கப்பலிலேயே திரும்பிப் போயிருக்க வேண்டும்.

சீர்திருத்தச் சபைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதியை உடனே விட்டொழியுங்கள் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். கன்னி பிள்ளை பெற்றாள் என்பதை நம்பினார்கள். செத்தவர் மூன்றாம் நாள் எழுந்தார் என்பதை நம்பினார்கள். சேரியிலிருந்து வந்தவர் வாய் வைத்த கிண்ணத்திலும் ஆண்டவரின் இரத்தம் இருக்கும் என்பதை மட்டும் நம்ப முடியவில்லை. இவர்களை எவரும் சந்தேகப் பேர்வழிகள் என்று சொன்னதில்லை.

நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் கோயிலையே கால்சட்டை போல இரண்டு காலாகக் கட்டினார்கள். இந்தச் சாதிக்கு இந்தக் கால், அந்தச் சாதிக்கு அந்தக் கால், நடுவில் ஒரே பீடம். 1910இல் இரண்டு காலையும் பிரித்த தடுப்புச் சுவரை எடுத்தபோது, சுவர் எங்கள் உரிமை என்று சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றவர்கள் உண்டு. விசுவாசத்துக்காக வழக்காடினார்கள், எந்த விசுவாசம் என்று கேட்காதீர்கள்.

பழங்கதை என்பவர்கள் 2008 மார்ச்சில் எறையூரில் நடந்ததைப் படிக்கட்டும். தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். தவக்காலத்தில், கிறிஸ்தவர் வீட்டைக் கிறிஸ்தவர் தாக்கி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள்.

கல்யாண விளம்பரங்களையும் பாருங்கள். இரட்சிக்கப்பட்ட, ஆவிக்குரிய, மறுபடியும் பிறந்த மணமகனுக்கு அதே சாதியில் மணமகள் தேவையாம்! மறுபடி பிறந்தும் அதே தெருவில்தான் பிறப்பேன் என்கிற பிடிவாதத்தை, மறுபடி பிறப்பது எப்படி என்று கேட்ட நிக்கொதேமுவுக்கு இயேசுவே விளக்கியிருக்க முடியாது.

அரசும் சளைத்ததல்ல: 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவர் இன்றும் வெளியில். இது அநியாயம், அந்த உரிமை அவர்களுக்குக் கிடைத்தே ஆக வேண்டும். ஆனால் மதம் மாறியும் சாதி போகவில்லை என்று டெல்லியில் கண்ணீர் விடுகிற ஆயர்கள், ஊருக்குத் திரும்பியதும் கிறிஸ்துவுக்குள் சாதியில்லை என்று பிரசங்கம் வைக்கிறார்கள். எந்த மேடையில் பொய் சொல்கிறீர்கள் ஆண்டகைகளே?

அடுத்த முறை டெல்லிக்கு ரயில் ஏறுமுன் ஒரு கடப்பாரையோடு மேலப்புதூர்ப் பக்கம் இறங்கிப் போங்கள். அந்தச் சுவரை இடிக்கக் குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.