சாட்சி யாரு, வக்கீல் யாரு?

வாடா டாக்டரு! பட்டம் இன்னும் கைக்கு வரலையா? வந்துரும், வந்துரும். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாருன்னு கண்டுபிடிச்சு எழுதிட்டியாமே, உங்க அப்பன் தெருவெல்லாம் தம்பட்டம் அடிக்கிறான். ஆதாரம் என்னடான்னா, "கல்கி சொல்லியிருக்காரு தாத்தா"ங்கறே. பலே! அவரு 1950-ல தொடர்கதை ஆரம்பிச்சவரு. கொலை நடந்து ஆயிரம் வருசம் ஆகப்போற நேரத்துல வந்த சாட்சிய எந்தக் கோர்ட்டுல கூண்டேத்துவான்?

சரித்திரம் எழுதின நீலகண்ட சாஸ்திரியா? மகா படிப்பாளி, கையெடுத்துக் கும்பிடு. ஆனா அவரு சாட்சி இல்லடா, சாட்சிய விசாரிச்ச வக்கீலு. அவரு உத்தம சோழன் மேல சந்தேகப்பட்டாரு. இன்னொரு சரித்திரக்காரரு சதாசிவ பண்டாரத்தாரு அதெல்லாம் இல்லேன்னாரு. ரெண்டு பேரும் படிச்சது ஒரே கல்லு.

அந்தக் கல்லு காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி கோயில்ல இருக்கு. ராஜராஜனோட ரெண்டாம் ஆட்சியாண்டு. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு துரோகிங்க பேரைப் போட்டு, அவங்க சொந்தபந்தம் வரைக்கும் சொத்தைப் பறிக்கச் சொன்ன உத்தரவு. அப்புறம் அந்த நிலம் கைமாறின கதை. யாரு தூண்டினா? ஒரு எழுத்து கிடையாது. நிலக் கணக்கு எழுதின கல்லு கிட்ட கொலைக்குக் காரணம் கேட்டா, அது பாவம் என்ன பண்ணும்!

மூலம்னு சொன்ன உடனே வாயைப் பொளந்துறாதே. திருவாலங்காட்டுச் செப்பேடு ராஜேந்திரன் காலத்துல வெட்டினது. ராஜராஜன் சித்தப்பன் உத்தம சோழனுக்கு அரியணைய விட்டுக்கொடுத்த பெருந்தன்மையைப் பாடுது. மகன் செலவுல அப்பன் புகழ்! சாட்சிதான், ஆனா சொந்தக்கார சாட்சி.

இன்னொரு சூட்சுமம் கேளு. '1950-கள்ல தமிழ் ஜனங்க சோழனை எப்படிக் கற்பனை பண்ணினாங்க'ன்னு தலைப்பை மாத்திப் பாரு. கல்கியோட தொடர்கதையே முதல் சாட்சி ஆயிரும், உடையார்குடிக் கல்லுக்குக் கோர்ட்டுல வேலையே இருக்காது. நீ என்ன கேக்கறேங்கறதப் பொறுத்துத்தான் யாரு சாட்சி, யாரு வக்கீலுங்கறது. இத உங்க கைடு சொல்லலையா? சாப்பாட்டு நேரமா இருந்திருக்கும்.

அதுசரி, அடிக்குறிப்புல 'உடையார்குடிக் கல்வெட்டு'ன்னு கம்பீரமாப் போட்டிருக்கியே, பாத்தியா? இல்ல, சாஸ்திரி புஸ்தகத்துலேர்ந்து உருவினியா? தலையச் சொறியாதே. உருவின புஸ்தகத்தோட பேரையே போடு. இல்லேன்னா எபிகிராபியா இண்டிகாவுல அச்சான வாசகத்தையாவது எழுத்தெழுத்தாப் படி. சிதம்பரத்துலேர்ந்து பஸ் இருக்கு, கல்லையே ஒரு நடை பாத்துட்டு வந்து எழுது.